புத்தருக்குத் துளசி போடலாங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் இந்து மதத்தையும் பௌத்தத்தையும் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதன் கடைசிப் பத்தியில், புத்தர் பெருமாளின் ஒன்பதாவது அவதாரம், ஆகவே இரண்டு மதமும் சொல்வது ஒன்றுதான் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார். அந்த 'ஆகவே' எனக்கு இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

நான் செவ்வாய்ப்பேட்டையில் பூஜை சாமான் கடை வைத்திருப்பவன். பெரிய படிப்பாளி இல்லை. திங்கட்கிழமை கடை திறந்ததுமே ஒரு அம்மா உங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, "ஏங்கண்ணா, புத்தரும் பெருமாள்தானாமே, பூஜை ரூம்ல வச்சுத் துளசி போடலாங்களா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? நீங்களே சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியாததா.

நம் பக்கத்தில் தசாவதாரம் சொல்லும்போது ராமர், பலராமர், கண்ணன், கல்கி என்றுதான் வரும். புத்தரைச் சேர்ப்பது பெரும்பாலும் வடக்கத்திப் பட்டியல். சேர்த்த புராணங்களிலும் என்ன கதை? அசுரர்களை வேதத்திலிருந்து மயக்கித் திருப்புவதற்காக எடுத்த அவதாரமாம். நல்ல மரியாதை! 1956இல் நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது சொன்ன 22 உறுதிமொழிகளில், புத்தரை விஷ்ணு அவதாரம் என்று நம்பமாட்டேன் என்பதும் ஒன்று. அதற்கு உங்கள் முழுப்பக்கத்தில் இடமில்லை போலும்.

இரண்டிலும் கர்மம் உண்டு, மறுபிறவி உண்டு, சரி. ஆனால் பிறப்பது எது என்று கேட்டாலே வழி பிரிந்துவிடுகிறதே. நம் பெரியவர்கள் சட்டை மாற்றுவதுபோல உடம்பை மாற்றிக்கொள்ளும் அழியாத ஆன்மா என்கிறார்கள். புத்தர் வழியில் அப்படி நிலையாக ஒன்று இல்லவே இல்லை, ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுகிற மாதிரிதான் பிறவி தொடர்கிறது என்பார்கள். அங்கே படைத்தவன் என்று ஒருவனும் கிடையாது, வேதமும் பிரமாணம் கிடையாது. துன்பம் இருக்கிறது, அதற்குக் காரணம் ஆசை, ஆசை அற்றால் துன்பம் அறும், அதற்கு எட்டு அங்கமுள்ள வழி. இதை விளக்க, பழைய பௌத்த விகாரம் இருந்த நாகப்பட்டினம் வரை போக வேண்டாம், பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் கடைசிக் காதையைப் புரட்டினால் தமிழிலேயே இருக்கிறது. நம் பக்கமும் ஒரே பாட்டா என்ன? சாங்கியம், மீமாம்சை என்ற நம் பழைய தத்துவ மரபுகள்கூடப் படைத்த கடவுள் வேண்டும் என்று கேட்டதில்லை. இத்தனை சண்டையையும் உங்கள் ஆள் ஒரு 'ஆகவே'யில் அமுக்கிவிட்டார்.

நான் விபூதி பூசாமல் கல்லாவில் உட்காராதவன், அதனால் பௌத்தத்துக்கு வக்காலத்து என்று நினைக்க வேண்டாம். எங்கள் சேலம் பெரியேரியில் சாமியாகக் கும்பிட்டுவந்த தலைவெட்டி முனியப்பன் சிலையை என் பாட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னவள். 2022 ஜூலையில் தொல்லியல் துறை அறிக்கையை வைத்து உயர் நீதிமன்றம் அது புத்தர் சிலை என்று சொன்னபோது, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். முனியப்பன் வேறு, புத்தர் வேறு. ஒன்றுதான் என்றால் நான் எதற்குச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்?

இது முதல் தடவையும் இல்லை. உங்கள் வாஸ்து பகுதியில் தொப்பை சிரிப்பு பொம்மையை 'புத்த பகவான்' என்று போட்டு வாசலைப் பார்த்து வைக்கச் சொன்னீர்கள். அவர் சீன நாட்டுத் துறவி ஐயா, கௌதம புத்தர் இல்லை. (என் கடையிலும் விற்கிறேன், மறைக்கவில்லை. பகவான் என்று சொல்லி விற்பதில்லை.) அப்போதும் கடிதம் போட்டேன், வரவில்லை. ஆத்தூர் பக்கம் தியாகனூரில் இரண்டு புத்தர் சிலைகள் இருக்கின்றன, அதைப் பற்றி எழுதுங்கள் என்று இன்னொரு கடிதம், அதுவும் வரவில்லை. ராசிபலன் மட்டும் ஒரு நாள் தவறுவதில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், ஒரு வரித் திருத்தம். டெண்டர் விளம்பரத்துக்கு அடியில் வேண்டாம். வந்தால் கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டிக்கொள்கிறேன், அந்த அம்மா மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.