சில்வர்டன் போகும் வழியில் ஒரு மண் மேடு

ப்ரோக்கன் ஹில், ஆஸ்திரேலியா,
ஆகஸ்ட் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே குளிர் முடியப்போகிறது. பகலில் நல்ல வெயில், ராத்திரியில் இரண்டு போர்வை வேண்டும்.

போன வாரம் போனில், "அந்த ஊர்ல அப்படி என்னம்மா இருக்கு?" என்று கேட்டீர்கள். நைட் டூட்டி முடிந்து வந்த அலுப்பில், "சுரங்கம்தான் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றும் பேசவில்லை. அதுதான் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொல்லவில்லை என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஊர் நடுவிலேயே ஒரு மலை, அப்பா. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய கழிவுக் கல். நம்ம கோலார் தங்கவயலில் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மேடு மாதிரியேதான், நிறம் மட்டும் கறுப்பு. தெருக்களின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: சல்பைடு தெரு, குளோரைடு தெரு, ஆக்சைடு தெரு. 1883இல் ஆட்டுப் பண்ணையில் வேலி பார்த்துக்கொண்டிருந்த சார்லஸ் ராஸ்ப் என்பவர், தகரத் தாது என்று நினைத்து இந்தக் குன்றில் ஓர் இடத்தைப் பதிவு செய்தார். கிடைத்தது வெள்ளி, ஈயம், துத்தநாகம். பி.எச்.பி. என்ற பெரிய சுரங்கக் கம்பெனி 1885இல் பிறந்தது இங்கேதான்.

நான் சொல்ல வந்தது ரயிலைப் பற்றி. சல்பைடு தெருவில் பழைய ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது. இப்போது அது மியூசியம். பழைய ஆஸ்பத்திரிச் சாமான்களும் அங்கே வைத்திருக்கிறார்கள் என்று வார்டில் சொன்னார்கள், அதைப் பார்க்கத்தான் போனேன். அங்கே தொண்டு செய்யும் பெரியவர் ஒருவர், நான் சுரங்கக்காரர் மகள் என்று தெரிந்ததும் விடவேயில்லை. இரண்டு மணி நேரம் கூடவே நடந்து கதை சொன்னார்.

இந்த ஊர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. தலைநகர் சிட்னி ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். பக்கத்தில் இருப்பது சவுத் ஆஸ்திரேலியா. தாதுவை உருக்கவும் கப்பல் ஏற்றவும் அந்த மாநிலத்தின் போர்ட் பிரீக்குப் போனால்தான் வசதி. அந்த அரசாங்கம் எல்லையில் இருக்கும் காக்பர்ன் வரை ரயில் போட்டுவிட்டது. அதைத் தாண்டி உள்ளே வர நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் விடவில்லை, தானும் போடவில்லை. நடுவில் விட்டுப்போன சுமார் 57 கிலோமீட்டரை ஒரு தனியார் கம்பெனி போட்டது. சில்வர்டன் டிராம்வே என்று பெயர். பெயர்தான் டிராம், ஓடியது முழு ரயில். 1888 ஜனவரியில் திறந்தார்கள்.

சில்வர்டன் என்பது வழியில் இருக்கும் ஊர். முதலில் வெள்ளி கிடைத்து ஓகோவென்று இருந்தது அதுதான். இங்கே பெரிய சுரங்கம் வந்ததும் ஜனங்கள் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம். ரயிலுக்குப் பெயர் கொடுத்த ஊர் ரயில் வந்த சில வருடங்களிலேயே காலியானது. இப்போது விரல் விட்டு எண்ணும் வீடுகள், மிச்சமெல்லாம் செம்மண்.

தாது போனது, மரமும் நிலக்கரியும் சாப்பாடும் வந்தன. வறட்சிக் காலத்தில் குடிக்கிற தண்ணீரே ரயிலில் வந்திருக்கிறது. டார்லிங் ஆற்றிலிருந்து குழாய் வந்தது 1952இல்தான். குழாயடியில் குடத்தோடு அம்மா நின்ற நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

ஒரு விஷயம் கேட்டபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. 1915 ஜனவரி 1. புத்தாண்டுப் பிக்னிக்குக்காகத் தாது ஏற்றும் திறந்த பெட்டிகள் நாற்பதில் பெஞ்சு போட்டு, 1,200 பேர் சில்வர்டன் கிளம்பினார்கள். ஊருக்கு வெளியே இரண்டு பேர் மறைந்திருந்து ரயிலை நோக்கிச் சுட்டார்கள். இரண்டு பேரும் ஒட்டகம் ஓட்டிப் பிழைக்க நம்ம பக்கத்து வடமேற்கு எல்லையிலிருந்து வந்தவர்கள். ஒருவர் அப்போது ஐஸ்கிரீம் வண்டி தள்ளிக்கொண்டிருந்தார். முதல் உலகப் போரில் ஜெர்மனியோடும் துருக்கியோடும் போர் நடந்த நேரம், துருக்கிக் கொடியை ஏற்றிக்கொண்டு சுட்டார்கள். நான்கு பேர் செத்தார்கள், அதில் ஒரு பெண்ணுக்குப் பதினேழு வயது. சுட்ட இருவரும் அன்றே முடிந்தார்கள். ஆத்திரத்தில் ஊர்க்காரர்கள் ஜெர்மானியர்களின் கிளப்பைக் கொளுத்தினார்கள். அந்தப் பெண்ணை நினைத்தும் அழுகை வந்தது. எங்கிருந்தோ பிழைக்க வந்து, தனியாகிப்போய், கடைசியில் துப்பாக்கி எடுத்த அந்த இரண்டு பேரை நினைத்தும் ஏதோ செய்தது. செய்தது கொலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே வந்த முதல் மாதம் பேச்சுத்துணை இல்லாமல் நான் இருந்த இருப்பு எனக்குத் தெரியும். பெரியவர் இதை என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். அந்த மரியாதையை மறக்க மாட்டேன்.

1927இல் சிட்னியிலிருந்தும் ரயில் வந்தது. ஆனால் அந்தப் பாதை வேறு அகலம். டிராம்வே 1067 மில்லிமீட்டர், நம்ம பழைய மீட்டர் கேஜைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சிட்னி ரயில் கிரிஸ்டல் தெருவில் நின்றுவிடும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு சல்பைடு தெருவுக்கு வந்து அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டும். அடிலெய்டு போகிறவர்கள் டெரோவியில் இன்னொரு முறை மாற வேண்டும், அங்கே மூன்றாவது அகலம். நாற்பது வருடத்துக்கு மேல் இப்படியே. சரக்கை இறக்கி ஏற்றியே எத்தனை பேர் இடுப்பு ஒடிந்ததோ!

1970இல் கிழக்கிலிருந்து மேற்குவரை ஒரே அகலத்தில் புதுப் பாதை வந்தது. அது சில்வர்டன் பக்கம் போகாமல் வேறு வழியில் போனது. 82 வருடம் இந்த ஊரைத் தூக்கிச் சுமந்த பழைய பாதையை மூடினார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட வேலை செய்யும் பெண்ணின் காரில் சில்வர்டன் போனேன். ரோட்டுக்குப் பக்கத்திலேயே, அந்தப் பழைய ரயில் ஓடிய தாழ்வான மண் மேடு நீளமாக வருகிறது. இறங்கி அதன்மேல் நடந்தேன். ஓடை வரும் இடத்தில் அறுந்து, மறுபடி தொடங்குகிறது. முட்புதர், சரளைக் கல், காற்று. வேறு சத்தமே இல்லை.

அங்கே நின்றபோதுதான் தோன்றியது, அப்பா. இங்கே சுரங்கம் இன்னும் ஓடுகிறது, அதற்காகப் போட்ட ரயில் போய்விட்டது. நம்ம ஊரில் 2001இல் சுரங்கத்தை மூடினார்கள், அதற்காகப் போட்ட ரயில் இன்னும் ஓடுகிறது. மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தில் நானும் நின்றவள்தானே? அந்த ரயில் இல்லையென்றால் நர்ஸிங் படிப்பு ஏது? கரண்ட் இல்லாத ராத்திரிகளில் நீங்கள் என்னை எழுப்பி, ஸ்டேஷன் வரை டார்ச் அடித்துக்கொண்டு வந்ததை நினைத்துக்கொண்டேன்.

ஊர் நடுவில் இருக்கும் அந்தக் கழிவுக் கல் மலையின் உச்சியில் ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். இங்கே சுரங்கத்தில் இறந்த எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர், எப்படி இறந்தார்கள் என்பதோடு. பாறை விழுந்து, ஷாஃப்டில் விழுந்து என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். அது திறந்ததும் 2001இல்தான். நம்ம சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை வெடித்த ஏர் பிளாஸ்ட்டில் போன உங்கள் கூட்டாளிகளின் பெயரை நாம் எங்கே எழுதி வைத்திருக்கிறோம்?

மியூசியம் பெரியவர் உங்களைப் பற்றிக் கேட்டார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் என்று சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். சுரங்கத்துக் கேஜ் கூண்டில் இறங்க எவ்வளவு நேரம் ஆகும், அடியில் சூடு எப்படி இருக்கும் என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் உங்களைக் கேட்டதே இல்லை.

புதன்கிழமை எனக்கு லீவு. இந்த ஊர் கடிகாரம் சிட்னியோடு ஓடாது. ரயில் அடிலெய்டோடு இருந்ததால் அந்த மணியையே வைத்துக்கொண்டார்கள், இன்றைக்கும் அப்படித்தான். அதனால் உங்களுக்கும் எனக்கும் இப்போது சரியாக 4 மணி நேரம் வித்தியாசம். சாயந்திரம் மூன்று மணிக்கு டீ குடித்துவிட்டுக் கூப்பிடுங்கள், எனக்கு ஏழு மணி. முதல் நாள் கேஜில் இறங்கியதிலிருந்து ஆரம்பியுங்கள். நோட்டும் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்