ஜன்னல் வேர்த்தால் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாகான் செராய் பக்கம் எங்கள் வீட்டுக் குடியிருப்புத் தாமானுக்கு இரண்டு மாதமாக ஜன்னல் விற்கிற பையன்கள் வந்து போகிறார்கள். கையில் ஒரு ஃபைல், இடுப்பில் ஒரு அளவு டேப், காலை ஏழு மணிக்கெல்லாம் கேட்டுக்கு முன்னால் நிற்பார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறார்கள் என்று முதலில் புரியவில்லை, இப்போது நன்றாகப் புரிகிறது. ராத்திரி முழுக்க ஏர்கான் போட்டுத் தூங்கிய அறைகளின் ஜன்னல் கண்ணாடி அந்த நேரத்தில்தான் நனைந்து வழிந்துகொண்டிருக்கும். "ஆன்ட்டி, பாருங்க, ஜன்னல் லீக் ஆகுது, இது முடிஞ்சிடுச்சு, மாத்தலன்னா சுவரே ஊறிடும்" என்று ஒரு பையன் என் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். கோட்டின் நுனியில் தண்ணீர் திரண்டு, கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் சரசரவென்று கீழே இறங்கியது. பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஏழு ஜன்னலுக்கும் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம் ரிங்கிட் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

எதிர்வீட்டு அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார். இ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று 2024 மே மாதம் மூன்றாவது கணக்கு ஒன்று திறந்தார்களே, அதிலிருந்து எடுத்து முன்பணம் கட்டினார். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

என் தம்பி ஏர்கான் கழுவுகிற, மாட்டுகிற வேலை செய்கிறவன். அவனுக்குப் போன் போட்டு விலையைச் சொன்னேன். விலையைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. "அக்கா, அவன் விரல் வச்சது உள்பக்கமா வெளிப்பக்கமா?" என்றான். யோசித்துப் பார்த்தால் பையன் வீட்டுக்குள்ளேயே வரவில்லை, பூச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் கோடு இழுத்தான். வெளிப்பக்கம்தான் என்றேன். "அப்ப என்ன லீக்? ஒட்டுக்கடையில மைலோ ஐஸ் வாங்கினா கிளாஸ் வெளியில நனையுதே, கிளாஸ் ஓட்டைன்னு கடைக்காரனோட சண்டைக்குப் போவியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

நம் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. அந்தப் பக்கம் மழைக்குப் பேர்போன தைப்பிங், நடுவில் கிரியான் வயல்களுக்காக 1906-இல் கட்டி முடித்த புக்கிட் மேரா ஏரி, இந்தப் பக்கம் வயல், அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். துணி காய இரண்டு நாள் ஆகிற ஊர். ராத்திரி 27 டிகிரி சூடு, 90 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்று 25 டிகிரிக்குக் குறைவாக இருக்கிற எதன் மேல் பட்டாலும் தண்ணீராகிவிடும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும், அதையே 20 டிகிரிக்குக் குளிர வைத்தால் 17 கிராம்தான் தாங்கும். மிச்சம் கண்ணாடியில் வந்து உட்காருகிறது. நானோ ஏர்கானை 18-இல் வைத்து, அப்புறம் போர்வையை மூக்கு வரை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிற ஆள். கண்ணாடி என்ன செய்யும் பாவம்.

தம்பி சொன்னபடி 25-இல் வைத்து மேலே காற்றாடியையும் மெதுவாகச் சுற்றவிட்டேன். மறுநாள் கண்ணாடியில் ஈரம் பாதிகூட இல்லை, மூன்றாம் நாள் காலையில் வெளிப்பக்கம் தொட்டுப் பார்த்தால் காய்ந்து கிடந்தது. அரசாங்க அலுவலகங்களில் ஏர்கானை 24-க்குக் கீழே வைக்கக் கூடாது என்று 2011-இல் சொன்னார்கள், அது கரண்டு மிச்சம் பிடிக்க. ஜன்னலுக்கும் அது நல்லது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

சரி, உள்பக்கம் நனைந்தால்? அது வேறு கதை, ஆனால் அதற்கும் உடனே ஜன்னலை மாற்ற வேண்டியதில்லை. காலையில் ஏர்கானை அடைத்துவிட்டு அறைக் கதவைத் திறந்து போடுகிறோம், சமையலறையில் இட்லிச் சட்டி ஆவி, குளியலறையில் சுடுதண்ணீர் ஆவி, எல்லாம் நேராக அந்தச் சில்லென்ற கண்ணாடிக்குப் போகிறது. பத்து இருபது நிமிடம் நனையும், அப்புறம் தானாகக் காயும். அப்படிக் காய்ந்தால் விட்டுவிடலாம். மத்தியானம் வரை ஈரம் நிற்கிறது, திரைச்சீலை ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழுகிறது, அலமாரியைத் திறந்தால் முக்கல் வாடை அடிக்கிறது என்றால்தான் கவனிக்க வேண்டும். ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலேயே இருக்கிற இடத்தில் பூசணம் பிடிக்கும், ஜன்னல் புதிதா பழையதா என்று அது பார்க்காது. அக்டோபர், நவம்பர் மழையில் துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுகிற வீடுகளில் இது நிச்சயம். எங்கள் வீடும் அதில் ஒன்று.

இன்னொரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பின்னறையில் இன்னும் பழைய நாக்கோ ஜன்னல்தான், தகடு தகடாகக் கண்ணாடி, எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்கு இருக்கும். ஏர்கான் காற்று வெளியே போகிறதே என்று அந்த இடுக்குகளில் பழைய பேப்பரை மடித்துச் சொருகி வைத்திருந்தேன். உங்கள் பேப்பர்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் கழித்து உருவினால் நாலாம் பக்கம் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூத்து, ஊறிப்போய், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வெளியிலிருந்து வருகிற ஈரக்காற்றைப் பேப்பர் தடுக்கவில்லை, குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நாக்கோ ஜன்னல் திறந்து வைக்கிற அறைக்கு என்று செய்தது, அதை வைத்துக்கொண்டு ஏர்கான் மாட்டினால் ராத்திரி முழுக்கத் தோட்டத்துப் பனியைத்தான் உள்ளே இழுத்துக் குளிர வைத்துக்கொண்டிருப்போம்.

போனில் வருகிற வீடியோக்களில் ஜன்னல் வேர்த்தால் திறந்து விடுங்கள், காற்றோட்டம் வேண்டும் என்கிறார்கள். அது குளிர்நாட்டுக்காரர்கள் பேச்சு. அங்கே வெளியே குளிர், உள்ளே சூடு, ஆகவே கண்ணாடி உள்பக்கம் நனையும், திறந்தால் வறண்ட காற்று வந்து காய்ந்துவிடும். கேமரன் மலையில் தானா ராத்தாவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில்கூட அப்படித்தான், விடியற்காலையில் உள்பக்கம் பேர் எழுதலாம் போல நனைந்திருக்கும், அவர் ஒரு கதவை லேசாகத் திறந்து வைப்பார், சரியாகிவிடும். அதையே பாகான் செராயில் ஏர்கான் ஓடும்போது செய்து பாருங்கள், தரையே வேர்க்கும்.

தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தபோது ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது. இரண்டு பலகைக் கதவு, நடுவில் கம்பி, அவ்வளவுதான். அம்மா பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்புமுன் விறகடுப்புப் புகை போகட்டும் என்று நாலரைக்கே தள்ளித் திறந்துவிடுவார், பால்மரக் காட்டுக் குளிர் நேராக முகத்தில் அடிக்கும். அந்த ஜன்னல் ஒருநாளும் வேர்த்ததில்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு, அப்புறம் எப்படி வேர்க்கும்?

இதற்காக எந்த ஜன்னலையும் மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மா அறை ஜன்னலை நானே மாற்றினேன். அது நாக்கோதான், தகடுகளைப் பிடித்திருக்கிற கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்து, ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தகடு வழுக்கி அம்மாவின் கொசுவலை மேல் விழுந்தது. வலை கிழிந்தது, அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளிப் மட்டும் என்றால் ஹார்ட்வேர் கடையில் வாங்கிப் போட்டிருக்கலாம், தகடும் தனியாகவே விற்கிறார்கள். ஆனால் தம்பி வந்து கீழ்ச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினான், வெந்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குகிற மாதிரி பாதி உள்ளே போய்விட்டது. இழுத்தால் கூடவே கரையான் மண். பெயின்ட் மட்டும் வெளியே அழகாக நின்றுகொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அந்த ஒன்றைப் பெயர்த்துவிட்டு ரப்பர் வைத்து இறுக மூடுகிற அலுமினிய ஜன்னல் போட்டோம். அம்மா அறையிலும் ஏர்கான் இருக்கிறது.

கூடத்தில் இருக்கிற இழுக்கிற ஜன்னலில் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வழிந்தது, பையன் அதையும் மாற்றச் சொல்லி எழுதியிருந்தான். அதில் கெட்டது ஒன்றுமே இல்லை. கீழே தண்டவாளம் மாதிரி ஓடுகிற பள்ளத்தில் தண்ணீர் வடிய வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு, அதை மண்ணும் செத்த எறும்பும் அடைத்திருந்தன. சாத்தே குச்சியால் குத்திவிட்டேன், கறுப்புத் தண்ணீர் கொட்டியது, முடிந்தது வேலை. சுவரும் சட்டமும் சேர்கிற இடத்தில் சிலிகான் விரிந்திருந்ததைச் சுரண்டிவிட்டுத் தம்பி புதிதாக வைத்தான்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறவர்கள் நம் தாமானில் குறைவு, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில், உள்ளேயும் துடைக்க முடியாமல் வெளியேயும் துடைக்க முடியாமல் புகைமூட்டம் மாதிரி தெரிந்தால் ஓரத்து ஒட்டு விட்டுப்போச்சு என்று அர்த்தம். ஓரத்தில் ஈரம் உறிஞ்சுகிற மணிகள் வைத்திருப்பார்கள், அவையும் நிரம்பிவிட்டிருக்கும். துடைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அப்போதும் சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடி ஜோடியை மட்டும் மாற்றலாம், முழு ஜன்னலுக்கு விலை சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இரும்புச் சட்டம் வைத்த பழைய வீடுகளில் துரு உப்பி கண்ணாடியையே நெருக்கி விரிசல் விட வைக்கும், சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டால் அதையும் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எதிர்வீட்டு அக்காவின் வீட்டிலும் போய்ப் பார்த்தேன். எட்டு ஜன்னலில் ஏர்கான் இருக்கிற இரண்டு அறை மட்டும்தான் வேர்க்கிறது, இரண்டும் வெளிப்பக்கம். மற்ற ஆறும் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கின்றன. எட்டுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வீடு தேடி வந்து விற்கிறவர்களிடம் 300 ரிங்கிட்டுக்கு மேல் ஒப்பந்தம் போட்டால் மனம் மாறுவதற்குப் பத்து வேலை நாள் அவகாசம் உண்டு, 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தில் இருக்கிறது. அக்காவுக்கு அன்று ஏழாவது நாள். இருவரும் உட்கார்ந்து, வேண்டாம் என்று ஒரு தாளில் மலாயில் எழுதி, போஸ்டாபீஸில் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம். முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், மனுவுக்கு ஐந்து ரிங்கிட்தான், வக்கீல் வேண்டாம்.

இதை எழுதும்வரை பணம் வரவில்லை. அந்தப் பையன் மட்டும் நேற்று காலை பக்கத்துத் தெருவில், ஏழு மணிக்கு, வேறொரு வீட்டுக் கேட்டில் நின்றுகொண்டிருந்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாகான் செராய், பேரா.