சுகந்திக்கு, ஸ்கேட்ஸ் வாங்கப் போக முன்

ஸ்காபரோ
நவம்பர் 9

அன்புள்ள சுகந்திக்கு,

உன்னுடைய வொய்ஸ் மெசேஜ் வந்தபோது நான் வேலையில் நின்றேன். மத்தியானம் சாப்பிடும்போதுதான் கேட்டேன், சிரித்ததில் புரைக்கேறிவிட்டது. பெரியாட்களுக்கான ஸ்கேட்டிங் வகுப்புக்குக் காசு கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் வீட்டில் சொல்லியிருக்கிறாய். அந்தத் துணிச்சல் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உன்னிடம் உண்டு. முழங்கால் போய்விடும் என்று உன்ர மனுசன் வெருட்டுவதைக் காதில் போடாதே. ஆனால் சப்பாத்து விசயத்தில் அவசரப்படாதே. போனில் கதைத்தால் ஊர்க்கதைக்குப் போய்விடுவோம், சொல்லவந்தது அந்தரத்தில் நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுப் புதினம் முதலில். அம்மாவுக்கு இடது கண்ணில் கட்டராக்ட் எடுத்தாயிற்று. பார்வை தெளிந்ததும் முதல் வேலையாகக் குசினி மேல்தட்டில் இருந்த தூசியைக் கண்டுபிடித்து என்னைப் பேசினா. மூத்தவன் வாட்டர்லூவில் மூன்றாம் வருடம். வீட்டுக்கு வருவது உடுப்புத் தோய்க்கவும் புட்டுக் கட்டிக்கொண்டு போகவும்தான். இவர் இரவு வேலையை விட்டுவிட்டார், நல்லகாலம். சின்னவள் இன்னும் ஸ்கேட்டிங்கை விடவில்லை. அவளோடு அல்பேர்ட் காம்பல் சதுக்கத்து ஐஸ் றிங்குக்குப் போய்ப் போய்த்தான் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. இப்போது சனிக்கிழமைகளில் ஸ்கேட்டிங் கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு நாடா கட்டிவிடுகிற வேலையும் என் தலையில். அந்தக் கால்களைப் பார்த்துப் பார்த்தே நான் கொஞ்சம் படித்துவிட்டேன்.

எங்கள் ஆட்களின் பழக்கம் உனக்குத் தெரியும். வளர்கிற பிள்ளை, இரண்டு சைஸ் பெரிதாக எடு, முன்னுக்குப் பஞ்சை அடை. பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு அது சரிவரும். ஐஸில் அது பிள்ளையைப் போட்டு விழுத்தும். போன மாதம் ஒரு பெடியன், ஏழு வயதிருக்கும், கணுக்கால் இரண்டும் உள்பக்கமாக மடிந்து, சப்பாத்தின் உள்விளிம்பு ஐஸில் தேய்கிற அளவுக்குச் சாய்ந்து நின்றான். “இவனுக்குக் கால் பலமில்லை” என்று தாய் கவலைப்பட்டா. கழற்றிப் பார்த்தால் கம்பளி மேஸ் (காலுறை) இரண்டு சோடி, அதற்குள்ளும் கால் ஆடுகிறது. கிளப்பில் கடன் கொடுக்க வைத்திருக்கிற பழைய சோடியில் நல்லாய்ச் சின்னதாக ஒன்றை எடுத்து, மெல்லிய மேஸோடு கட்டிவிட்டேன். எழும்பி நேராக நின்றான். கால் பலத்தில் ஒரு குறையுமில்லை.

அதனால் உனக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான்: உன்னிடம் இருக்கிற காசைக் கால் அளவுக்குச் செலவழி. வெள்ளை நிறத்துக்கோ மினுக்கத்துக்கோ பெயருக்கோ வேண்டாம். பாவித்த சோடியாக இருந்தாலும் உன் காலுக்குச் சரியான சப்பாத்து, பெரிய கடைத்தொகுதிகளில் பெட்டியோடு அடுக்கி வைத்திருக்கிற புது மலிவுச் சோடியை விட எவ்வளவோ மேல். அந்தப் பெட்டிச் சோடிகளின் கணுக்கால் பகுதியைக் கையால் அமத்திப் பார், மடியும். அடியில் ஐஸில் சறுக்குகிற பிளேட்டையும் ஆணி அறைந்த மாதிரி றிவெற் போட்டு இறுக்கியிருப்பார்கள். சாய்வாக இருந்தால் கழற்றித் திருத்தவும் ஏலாது.

முதலில் காலை அள. பின்னேரத்தில் அள, பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். சுவரோரம் ஒரு கடதாசியை விரித்து, குதி சுவரில் முட்ட, முழுப்பாரத்தையும் அந்தக் காலில் போட்டு நில். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து ஆகக்கூடிய நீளமான விரலின் நுனியில் கோடு போடு. சிலருக்கு அது பெருவிரல், சிலருக்கு இரண்டாவது விரல். பாதத்தின் ஆக அகலமான இடத்தையும் குறி. எல்லாம் மில்லிமீட்டரில். இரண்டு காலும் ஒரே அளவு என்று நினைக்காதே. பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும். தெருவுக்குப் போடுகிற சப்பாத்தின் நம்பரை மறந்துவிடு. உன் வகுப்புக்குத் தேவையான ஃபிகர் ஸ்கேட்ஸில் அநேகமானோருக்கு அதைவிட ஒன்று, ஒன்றரை நம்பர் சின்னதாகத்தான் வரும். அதுவும் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். இத்தாலிக்காரரின் எடியா மில்லிமீட்டரிலேயே சைஸ் போடுகிறது. மினசோட்டாவின் றீடெலுக்கு வேறு அட்டவணை. என்ர மகன் படிக்கிற வாட்டர்லூக்காரரான ஜாக்சனுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றின் அட்டவணையையும் பார்த்து உன் மில்லிமீட்டருக்கு எது வருகிறது என்று எழுதி வைத்துக்கொள்.

அகலம்தான் எங்களுக்குத் தலையிடி. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதம். முன்பக்கம் பரந்து, குதி ஒடுங்கியிருக்கும். கடைக்காரர் முன்பக்கம் இறுக்குகிறது என்று கேட்டதும் ஒரு நம்பர் நீளமாகக் கொண்டுவருவார். மறுத்துவிடு. நீளத்தைக் கூட்டினால் முன்பக்கம் இளகும், ஆனால் குதி உள்ளே ஆடத்தொடங்கும். குதி ஆடினால் அந்தச் சோடியால் பிரயோசனமில்லை. அதே நீளத்தில் அகலமானது இருக்கிறதா என்று கேள். பெருவிரல் மூட்டு புடைத்திருக்கிற இடம் மட்டும் நொந்தால், ஸ்கேட் கடையில் அந்த ஒரு இடத்தை மட்டும் வெளித்தள்ளித் தருவார்கள். சில மாடல்களைச் சூடாக்கிக் காலின் வடிவத்துக்கு இளக்கவும் முடியும். வீட்டு அவணில் வைத்து நீயே செய்து பார்க்கிற விளையாட்டு மட்டும் வேண்டாம், பசை விட்டுவிடும்.

போட்டுப் பார்க்கிறபோது மெல்லிய மேஸ் ஒன்று மட்டும் போடு. தடித்த மேஸ் காலைச் சூடாக வைத்திருக்கும் என்று நினைக்கிறோம். உள்ளே இறுகி இரத்தோட்டம் குறைந்தால் கால் இன்னும் குளிரும், வழுக்கவும் செய்யும். நாடாவை அடிவரைக்கும் தளர்த்தி, காலை உள்ளே விட்டு, குதியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கட்டு. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடவேண்டும். முழங்காலை மடித்தால் அந்தத் தொடுகை விடுபடவேண்டும். விரல்களை அசைக்கலாம், ஆனால் சுருட்டும் அளவுக்கு இடம் இருக்கக்கூடாது. ஒரு காலின் குதியை உயர்த்திப் பார், சப்பாத்தும் கூடவே எழும்பவேண்டும். குதி மட்டும் தனியாக எழும்பினால் கழற்றிவை. பிறகு கடையிலேயே கால் மணித்தியாலம் போட்டுக்கொண்டு இரு. வெட்கப்படாதே, அவர்களுக்கு இது பழக்கம். முழுப் பாதத்தையும் ஒரேமாதிரிப் பிடிக்கிற இறுக்கம் நல்லது, பழகப்பழக விடும். ஒரே இடத்தில் ஊசி குத்துகிற மாதிரி நோ, இல்லாவிட்டால் மரத்துப்போவது, அது பழகாது.

சப்பாத்தின் விறைப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். நீ வீடியோவில் பார்க்கிற பெட்டைகள் போடுவது இரட்டைச் சுழற்சிப் பாய்ச்சலைத் தாங்கச் செய்தது. உனக்கு அது பலகை. கணுக்கால் மடியாது, முழங்காலும் மடியாது, நிமிர்ந்து நின்றபடியே பின்னுக்கு விழுவாய். அதேவேளை சிறுபிள்ளைகளுக்கான ஆக மெத்தென்ற சோடியும் பெரியாளின் பாரத்துக்குப் போதாது. பிள்ளைகள் தொடங்குகிற சோடிக்கு ஒரு படி மேலே எடு, அவ்வளவுதான். விற்கிற ஆள் “வளர்ந்துகொண்டே பாவிக்கலாம்” என்று அதற்கு மேலே தள்ளப் பார்த்தால் சிரித்துவிட்டு வந்துவிடு.

மகன்ர பழைய ஹொக்கி ஸ்கேட்ஸ் சும்மா கிடக்குது என்றாயே, அதைப் போடலாமா என்று. குளிருக்கு உறைகிற ஒட்டாவா றீடோ கால்வாயில் போய்வர மட்டுமென்றால், அளவு சரியாக இருந்தால், தாராளமாகப் போடு. ஆனால் வகுப்பில் ஒரு காலில் சுற்றவும் திரும்பவும் சொல்லித்தருவார்கள். ஹொக்கி பிளேட் முன்னும் பின்னும் வளைந்தது, நுனியில் பல்லும் இல்லை. ஃபிகர் பிளேட் நீளம், தட்டை, முன்னுக்குப் பல். அந்தப் பல்தான் தொடக்கத்தில் தடுக்கி விழுத்துகிறது என்று எல்லாரும் பேசுவார்கள். நுனியால் உந்தினால் விழுத்தும்தான்; பக்கவாட்டில், பிளேட்டின் முழு நீளத்தாலும் தள்ளப் பழகினால் அது தன்பாட்டில் இருக்கும்.

நீ சொன்ன 150 டாலருக்குள் புதுசு தேடினால் அந்தப் பெட்டிச் சோடிதான் அகப்படும். பாவித்ததைத் தேடு. பிள்ளைகளின் கால் வளர்கிற வேகத்துக்கு நல்ல சோடிகள் பாதிக்கும் குறைந்த விலைக்கு வரும், உனக்குச் சின்னக் கால் என்பது இந்த விசயத்தில் அதிர்ஷ்டம். ப்ளே இற் அகெய்ன் போன்ற பாவித்த விளையாட்டுச் சாமான் கடைகள், கிஜிஜி இணையத்தளம், கிளப் அறிவித்தல் பலகை எல்லாம் பார். எடுத்துப் பார்க்கும்போது முதலில் கணுக்கால் மடிப்பைப் பார். நாடா மாட்டுகிற கொளுக்கி தொடங்குகிற இடத்தில் ஆழமான சுருக்கம் விழுந்து, கையால் தள்ள ஒரு பக்கம் சரிந்தால், அது முடிந்துபோன சப்பாத்து. உள்ளங்காலைத் திருப்பி ஸ்க்ரூ சுற்றிவர நகத்தால் அமத்து. மெத்தென்று அமிழ்ந்தால் தோல் உக்கிவிட்டது. பிளேட்டில் மேலாகப் பிடித்த துரு போய்விடும், விளிம்பிலேயே குழி விழுந்தது போகாது. பக்கத்திலிருந்து பார்த்தால் பிளேட்டின் அடிவிளிம்பை ஒட்டி மினுக்கமில்லாத ஒரு பட்டி தெரியும். ஒவ்வொரு தரம் தீட்டும்போதும் அது கரைகிறது. பட்டி ஒடுங்கி நூலாகப் போயிருந்தால் விலை எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

சிலவேளை பழைய சாமான் கடைகளில் ஐம்பது வருடத்துச் சோடி கிடைக்கும், தோல் தொய்ந்து, ஆனால் பிளேட்டில் ஷெஃபீல்ட் என்று அடித்திருக்கும். அந்த இங்கிலாந்து ஊரில் ஜோன் வில்சன் என்ற பெயர் 1696 இலிருந்து நிற்கிறது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கால் நிற்காத சப்பாத்தில் நல்ல பிளேட் இருந்து என்ன செய்ய?

தீட்டுவதற்கு 15, 20 டாலரைத் தனியாக வை. புதுசாக இருந்தாலும் தீட்டியிருக்கிறதா என்று கேட்டுத்தான் ஐஸில் இறங்கவேண்டும். பிளேட்டின் அடியில் நீளப்பாட்டுக்கு ஒரு பள்ளம் ஓடும், அதன் இரண்டு கரையும்தான் உன்னைப் பிடிக்கிற விளிம்புகள். தொடங்குகிறவர்களுக்குப் பொதுவாக அந்தப் பள்ளத்தை அரை இஞ்ச் ஆரத்தில் தீட்டுவார்கள். நகத்தைக் குறுக்கே மெல்ல இழுத்துப் பார், இரண்டு கரையிலும் நகம் ஒரேமாதிரிச் சுரண்டுப்படவேண்டும். ஃபிகர் ஸ்கேட்ஸ் தீட்டத் தெரிந்த இடத்திலேயே கொடு. எங்கள் கிளப்பில் ஒரு தாய், வீட்டுக்குக் கிட்ட என்று ஹொக்கிக்காரரிடம் கொடுக்க, முன்பல்லின் அடிப்பல்லை அவர் மெசினில் வழித்தெடுத்துவிட்டார். ஆளோடு சண்டை பிடித்து என்ன பயன், போன பல் வரவா போகிறது?

கட்டுவது ஒரு கலை, அதை நேரில் காட்டினால்தான் வரும். இப்போதைக்கு இவ்வளவு: விரல் பக்கம் இளக்கமாக, பாதம் வளைந்து கணுக்காலுக்கு ஏறுகிற இடத்தில் ஆக இறுக்கமாக, மேலே முழங்கால் மடிக்கத்தக்கதாக. கட்டி முடிந்ததும் பின்பக்கத்து விளிம்புக்குள் ஒரு விரல் போகவேண்டும். முன்பக்கத்தில் நாடா எலும்பில் வெட்டினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதே.

பிளேட்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறை நடக்க மட்டும். வீட்டுக்கு வந்ததும் துடைத்துத் துணி உறையைப் போடு, பிளாஸ்டிக்கோடு விட்டால் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். ஹெல்மெற் வாங்காதே, மகன்ர ஹொக்கி ஹெல்மெற் இருக்கிறதுதானே, சிஎஸ்ஏ என்ற கனடாப் பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார். நாட்டின் ஸ்கேட்டிங் சங்கமான ஸ்கேட் கனடாவின் தொடக்க வகுப்புகளில் ஐந்தாம் நிலை முடியும்வரை அது கட்டாயம்.

றீடோ கால்வாயின் 7.8 கிலோமீட்டரையும் ஓடி முடிப்பேன் என்று சத்தியம் செய்திருக்கிறாய். 2022–23 குளிர்காலத்தில் ஐஸ் தடிக்காமல் அது திறக்கவே இல்லை. 1971 இல் அங்கே ஸ்கேட்டிங் தடம் தொடங்கியதற்குப் பிறகு அப்படி நடந்தது முதல்தரம். ஆகவே கால்வாயை நம்பிக் காத்திராதே, றிங்கில் பழகு. திறந்தாலும் அந்த ஐஸில் வெடிப்பும் மணலும் இருக்கும், பிளேட் கெதியில் மழுங்கும்.

காலை அளந்து எழுதி அனுப்பு. இங்கே தாய்மார் சோடி விற்கிற வட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது, உன் அளவில் ஏதும் வந்தால் பிடித்து வைக்கிறேன். நத்தாருக்கு அக்கா வீட்டுக்கு வருகிறபோது போட்டுப் பார். சரிவராவிட்டால் என் முகத்துக்காக எடுக்கவேண்டாம். வரும்போது உன்ர மாமி வறுத்த மிளகாய்த்தூளில் ஒரு போத்தல் கொண்டுவா, அம்மா போன கிழமையும் கேட்டா.

அன்புடன்
வதனி