ஆற்றில் இறங்கத் தடை, கரையில் உட்காரவுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பெருக்கு நெருங்கும்போதெல்லாம் படித்துறைகளைத் தூய்மை செய்வது, காவலர்களை நிறுத்துவது, மீட்புப் படகு வைப்பது பற்றிய அறிவிப்புகள் செய்தித்தாள்களில் வருகின்றன. அவை அனைத்தும் வேண்டியவையே. ஆனால் அன்று காவிரிக்கு வருகிறவர்கள் நீராடவும் படையல் போடவும் மட்டும் வருவதில்லை, கட்டிக்கொண்டு வந்த சோற்றைக் கரையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவும் வருகிறார்கள் என்ற நினைப்பு அந்த ஏற்பாடுகள் எதிலும் தென்படவில்லை. அதைச் சொல்லவே இக்கடிதம்.

தஞ்சை மாவட்டத்தில் காவிரிக்கரை ஊர் ஒன்றில் நான் வாழ்க்கைப்பட்டு 31 ஆண்டுகள் ஆகின்றன. ஆடி 18 அன்று எங்கள் வீட்டில் விடியற்காலையிலேயே புளிக்காய்ச்சல் கொதிக்கத் தொடங்கிவிடும். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் தூக்குவாளிகளில் ஏறும். தொட்டுக்கொள்ளக் கூழ்வற்றலும் மாங்காய்த் தொக்கும் தனியே போகும். படித்துறையில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணியும் காப்பரிசியும் பழங்களும் வைத்துப் படைத்து, பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் சரடு கட்டி முடிக்க அரை மணி நேரம் போதும். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை கரையில்தான் இருப்போம். பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓட, பெரியவர்கள் வட்டமாக உட்கார, என் மாமியார் நடுவில் இருந்து சோற்றை உருட்டி ஆளுக்கொரு கவளமாகக் கையில் வைப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரென்றே தெரியாது. ஆனாலும் "எங்க வீட்டுத் தேங்காய்ச் சோறு, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வாங்கிக்குங்கம்மா" என்று ஒரு கிண்ணம் வரும், அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது.

சொத்து விவகாரத்தில் மனத்தாங்கல் ஏற்பட்டு, இரண்டு ஆண்டுகளாக எங்கள் வாசற்படி மிதிக்காமல் இருந்த என் கொழுந்தனார், ஓர் ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரைக்கு வந்தார். வீடு என்றால் யார் முதலில் கூப்பிடுவது என்ற கேள்வி வந்துவிடும். கரையில் அந்தக் கேள்வி எழவில்லை. எதுவும் பேசாமல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவருடைய அம்மாவும் எதுவும் பேசாமல் அந்தக் கையில் தயிர்ச்சோற்று உருண்டையை வைத்து, அதன்மேல் ஒரு துளி தொக்கும் வைத்தார்.

தண்ணீர் இல்லாத ஆண்டுகளிலும் இந்த வழக்கம் நின்றதில்லை. 2017-இல் மேட்டூர் அணை அக்டோபர் 2 அன்றுதான் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. அந்த ஆடியில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வந்த நீரில் விளக்கு விட்டு, மணலிலேயே பாய் விரித்துச் சாப்பிட்டோம். 2024-இல் நிலைமை நேர்மாறு. வழக்கமான ஜூன் 12 அன்று திறக்க நீர் இல்லாதிருந்த அணை, ஜூலை இறுதியில் முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டி, ஆடிப்பெருக்குச் சமயத்தில் உபரி நீர் பெருவெள்ளமாகத் திறந்துவிடப்பட்டது. அத்தகைய வெள்ளத்தில் யாரையும் இறங்க விடாமல் தடுத்தது முற்றிலும் சரி. பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவள் என்ற முறையில் அதற்கு நான் நன்றி சொல்கிறேன்.

எனக்கு விளங்காதது இதுதான்: தண்ணீரில் இறங்கக் கூடாது என்றால் மேல்கரையிலும் உட்காரக் கூடாது என்று ஏன் ஆக வேண்டும்? சென்ற ஆண்டு எங்கள் ஊரில், படித்துறையிலிருந்து நாற்பது, ஐம்பது அடி தள்ளி அரசமரத்தடியில் பாய் விரித்திருந்த எங்களையும் மாலை ஐந்து மணிக்கே ஒலிபெருக்கியில் அறிவித்து எழுப்பிவிட்டார்கள். மேட்டூர்ப் பக்கம் சேலம், தருமபுரி மாவட்டங்களில் இந்த நாளுக்கு உள்ளூர் விடுமுறை விடுவது உண்டு; எங்கள் பக்கம் வேலைநாளாக அமைந்துவிட்டால் அலுவலகமும் பள்ளியும் முடிந்து வருகிறவர்கள் ஐந்தரை மணிக்குத்தான் கரைக்கு வந்து சேர முடியும். அன்று அப்படி வந்த ஓர் இளம் தம்பதி, கைக்குழந்தையோடும் திறக்காத தூக்குவாளியோடும் திரும்பி நடந்தார்கள். வண்டியருகே நின்றபடியே அந்தப் பெண் மூடியைத் திறந்து கணவருக்கு ஒரு கை பொங்கல் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கே கஷ்டமாக இருந்தது.

இன்னொன்றை வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். படித்துறைக்கு அருகில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. ஈரப்புடவையை மாற்றிக்கொள்ள மறைவிடமும் இல்லாததால், இருவர் சேலையைப் பிடித்துக்கொள்ள மூன்றாமவர் மாற்றிக்கொள்கிறோம். கரையில் மாலைவரை இருக்க வேண்டுமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்களை எனக்குத் தெரியும். சர்க்கரை நோய் உள்ள என் நாத்தனார் மூன்று ஆண்டுகளாக வருவதே இல்லை. "நீங்க போயிட்டு வாங்க அண்ணி, எனக்குக் கொஞ்சம் புளியோதரை மட்டும் எடுத்து வைங்க" என்கிறார். அவர் பங்கு புளியோதரையை வீட்டில் தனியாக எடுத்து வைத்துவிட்டு ஆற்றுக்குக் கிளம்புவது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வருத்தமாக இருக்கிறது.

கரை கெட்டுப்போவதில் எங்கள் பங்கும் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், பூசைப் பொருட்களைப் பையோடு ஆற்றில் விடுகிறவர்களும் சாப்பிட்ட தட்டுகளைப் படியிலேயே போட்டுவிட்டுப் போகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் வாழை இலையில் சாப்பிட்டு, இலையைக் கரைமேல் மேயும் மாட்டுக்குப் போட்டுவிடுவோம். கடையில் வாங்கிய தட்டை அப்படிப் போட முடியுமா? இலைக்கு ஒரு தொட்டி, மற்ற குப்பைக்கு ஒரு தொட்டி, பழைய துணிக்கு ஒரு தொட்டி என்று கண்ணில் படும் இடத்தில் வைத்து, இரண்டு பேரை நிறுத்தினால் பெரும்பாலோர் கேட்டு நடப்பார்கள் என்றே நம்புகிறேன். கோயில் திருவிழாவில் அன்னதானப் பந்தலில் அப்படி நடப்பதை நாம் பார்க்கிறோமே.

ஆகவே, காவிரிக்கரை ஊர்களின் உள்ளாட்சி நிர்வாகங்களையும் காவல், நீர்வளத் துறையினரையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளம் வரும் ஆண்டுகளில் நீர்மட்டத்துக்கு ஏற்பக் கயிறு கட்டி அதற்குக் கீழே யாரையும் விடாதீர்கள். ஆனால் அதற்கு மேலே, பாதுகாப்பான மேட்டில், ஒரு பகுதியை இரவு எட்டு மணிவரையாவது குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட விட்டுவையுங்கள். அங்கே இரண்டு விளக்கு, குடிநீர்க் குழாய், பெண்களுக்கு அந்த ஒரு நாளுக்காவது தற்காலிகக் கழிப்பறை, உடை மாற்ற நான்கு தட்டி மறைப்பு இருந்தால் போதும். தடை ஏதும் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சோறு கிளறி எடுத்துக்கொண்டு வந்த பிறகு கரையில் வைத்துச் சொல்லாதீர்கள்.

என் மாமியாருக்கு இப்போது 82 வயதாகிறது. படி இறங்க முடியாது, மேல்கரைவரை வண்டியில் வர முடியும். "இந்த வருஷம் உட்கார விடுவாங்களா?" என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். விடுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
காவிரிக்கரை வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்.