மேற்கு அறைக்கு ஓடு மாற்றியாயிற்று

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாலு மாதம் பேச்சே இல்லை. போன வாரம் திடீரென்று போன் செய்து, "மேற்கு அறை காலியாகத்தான் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாய். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காலியாகத்தான் இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

2018 கஜா புயலில் ஓடு பறந்த இடத்தில் தகரம் போட்டிருந்தோமே, அதை எடுத்துவிட்டு நாட்டு ஓடே வேய்ந்தாயிற்று. சீமை ஓடு போதும் என்றார் கொத்தனார். நான் ஒப்பவில்லை. நாலு தாழ்வாரமும் முற்றத்துக்குச் சரிகிற வீட்டில் ஒரு பக்கம் மட்டும் வேறாக இருக்கலாமா? சுவரைக் கொத்தினால் உள்ளே கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து, கல்லாக இருக்கிறது. 1934இல் மேட்டூர் அணை வருவதற்கு முன்பே எழும்பிய சுவர். இப்படி ஒரு பண்ணை வீடு உன் புகுந்த ஊரில் உண்டா?

நெல் கொட்டிவைக்கிற பத்தாயத்தையும் துடைத்தேன். கீழ்த் துவாரத்துப் பலகையை இழுத்ததும் பழைய உமியோடு ஒரு பல்லாங்குழிச் சோழி உருண்டு வந்தது. நீ போட்டதுதான். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண்விழிக்காதே.

அந்தச் சோழியைக் கையில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தேன். 1961இல் நிலத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் உச்சவரம்பு என்றதும் தாத்தா இதே ஊஞ்சலில்தான் பத்திரங்களைப் பரப்பினாராம். 1970இல் அது 15 ஆனபோது மறுபடியும். தம்பி பேர், மகன் பேர், கோயில் பேர் என்று பிரித்து எழுதினார். பெண் பேர் ஒரு காகிதத்திலும் இல்லை. 1989இல் பெண்ணுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்தது. அதற்கப்புறம் கல்யாணமான உன்னிடம் நாங்கள், பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். "நகைதான் போட்டாயிற்றே, அண்ணனோடு வழக்கு எதற்கு?" என்று சொன்னது அப்பா இல்லை, நான். பேனாவை நீட்டியதும் நான். படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாய். தங்கமான பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். படித்துப் பார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், கண்ணு. இத்தனை வருஷம் அதைச் சொல்லாமல் சோறு தின்றிருக்கிறேன்.

மேற்குப் பாதியை அப்பா என் பேரில் எழுதிவைத்தார் அல்லவா, அதை உன் பேருக்கு மாற்ற எழுத்தரிடம் சொல்லிவிட்டேன். உன் அண்ணன் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் இறங்கிவிடலாம். தனியாக வந்தாலும் சரி, எத்தனை பெட்டியோடு வந்தாலும் சரி. யார் கண்ணிலும் படக்கூடாது என்று கொல்லைப்பக்கம் வராதே. திண்ணை விளக்கை எரியவிட்டிருப்பேன், வாசல் வழியாக வா. ரயிலில் கண்டதை வாங்கித் தின்னாதே.

அம்மா