24 இரவு வரை தொட்டி காலியாக இருக்கட்டும்

நம் பங்குப் பேரவையின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

டிசம்பர் 13 மாலை நடந்த ‘கிறிஸ்மஸ் விழா’வைப் பற்றி உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மேடையில் இருந்தவர்களே நீங்கள்தான். சிறப்பு விருந்தினர் வந்தார், குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் குடிலில் கிடத்தினார், கேக் வெட்டினோம், கலைந்தோம்.

மறுநாள் காலை, கிறிஸ்து பிறப்புக்காக நாம் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. சிறையில் கிடக்கும் திருமுழுக்கு யோவான் தம் சீடர்களை அனுப்பி இயேசுவிடம் கேட்கும் நற்செய்திப் பகுதி. “வரவிருப்பவர் நீர்தாமா? அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?” பங்குத்தந்தை இதை வாசித்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி, அந்தக் கேள்விக்கான பதில் சீரியல் செட் வெளிச்சத்தில் படுத்திருந்தது. யோவான் பாவம், நம் பங்குக்கு ஒரு நாள் தாமதமாக ஆள் அனுப்பிவிட்டார்.

இதைச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பிள்ளைகள் விஷயம் அப்படிப் போக விடவில்லை.

நவம்பர் 30, திருவருகைக்கால முதல் ஞாயிறு அன்று, குடிலில் வைக்க வேண்டிய தீவனத் தொட்டியை மறைக்கல்வி வகுப்பில் வெறுமையாக வைத்தோம். தம்பியோடு சண்டை போடாத நாளுக்கு ஒரு வைக்கோல். தாத்தாவுக்கு நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தால் ஒரு வைக்கோல். யாருக்கும் தெரியாமல் செய்த உதவிக்கு இரண்டு. பிறக்கப் போகும் குழந்தைக்கு முதுகு உறுத்தாமல் படுக்கை தயாராக வேண்டும், அதற்குக் கிறிஸ்மஸ் இரவு வரை நேரம் இருக்கிறது என்று சொல்லியிருந்தோம். பிள்ளைகள் அதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ‘இது உதவியில கணக்கா டீச்சர்?’ என்று என்னை வீதியில் நிறுத்திக் கேட்டவர்கள் உண்டு.

13-ஆம் தேதி மதியம் அந்தத் தொட்டியை மேடை அலங்காரத்துக்கு எடுத்துப் போனார்கள். பாதிகூட நிரம்பாத வைக்கோல் மேடையில் எடுப்பாக இல்லை என்று மேலே ஜிகினாத் துணி விரித்தார்கள். ஞாயிறு வகுப்புக்கு மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வழக்கம்போல வைக்கோலும் கையுமாக வந்தாள். “பாப்பாதான் வந்துருச்சே டீச்சர், இத எங்க போடுறது?” என்றாள். அவளிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பேரவைதான் எனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த ஞாயிறு யாரும் வைக்கோல் கொண்டுவரவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. டிசம்பர் 24 இரவுத் திருப்பலி வரை குடிலில் குழந்தையை வைக்காதீர்கள். விழா, கேக், கலைநிகழ்ச்சி, பரிசளிப்பு எல்லாவற்றையும் பிறப்புக்குப் பிறகு வையுங்கள்.

இது என் சொந்த விருப்பமல்ல. கிறிஸ்துவின் மறைநிகழ்வு முழுவதையும் திருச்சபை ஓராண்டு முழுக்க விரித்துக் காட்டுகிறது என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் சொன்னது. திருச்சபையின் விழாக்களையும் காலங்களையும் வரிசைப்படுத்தும் திருவழிபாட்டு ஆண்டுக்கான 1969-ஆம் ஆண்டு ஒழுங்குகளின்படி, டிசம்பர் 16 வரை நம் கண் இருக்க வேண்டியது ஆண்டவரின் இரண்டாம் வருகை மீது. 17 முதல் 24 வரைதான் பெத்லகேமை நோக்கி நேராகத் திரும்புகிறோம். ஆக, பிறப்பைப் பற்றித் திருச்சபை வாய் திறப்பதற்கு நான்கு நாள் முன்பே நாம் பிள்ளை பெற்று, கேக் வெட்டி, நன்றியுரையும் ஆற்றி முடித்துவிட்டோம். 13-ஆம் தேதி ஏன் என்று கேட்டபோது, சிறப்பு விருந்தினருக்கு அன்றுதான் நேரம் இருந்தது என்றீர்கள். அகுஸ்து சீசர்கூடக் கணக்கெடுக்கத்தான் ஆணையிட்டார். பிறக்கும் தேதியை அவர் குறித்துக் கொடுக்கவில்லை.

24 இரவு நடந்ததையும் சொல்ல வேண்டும். ‘உன்னதங்களிலே’ பாடும்போது குழந்தையைப் பவனியாகக் கொண்டுவந்து குடிலில் வைப்பது நம் வழக்கம். அதற்குக் குழந்தை குடிலில் இருக்கக் கூடாதல்லவா? ஆகவே சாயங்காலமே கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் வந்து, பதினொரு நாளாகப் படுத்திருந்த குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். நள்ளிரவில் மணியடிக்க, எல்லா விளக்கும் எரிய, அதே குழந்தை திரும்பி வந்தது. பெரியவர்களுக்கு மெய்சிலிர்த்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர்களை நான் கண்டிக்கவில்லை.

இன்னொரு பக்கம், புத்தாண்டுத் திருப்பலி முடிந்த கையோடு குடிலைப் பிரித்தாயிற்று. ஜனவரி 4 திருக்காட்சிப் பெருவிழாவுக்குக் கீழ்த்திசை ஞானிகள் வந்தபோது அவர்களை வரவேற்றது சுருட்டி வைத்த தார்ப்பாயும் நான்கு சவுக்குக் கம்பும்தான். கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரி 11, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. டிசம்பர் முழுக்கக் கொண்டாடியதில் கொண்டாட வேண்டிய நாளில் நமக்குத் தொண்டை கட்டிவிடுகிறது.

காத்திருக்க நம் மக்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். பாதுகாவலர் திருவிழாவுக்குக் கொடியேற்றிய அன்றே தேர் இழுக்க நீங்கள் விடுவீர்களா? ஒன்பது நாள் நவநாள் முடியாமல் தேரைத் தொட்டால் ஊரே திரண்டுவிடும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேறினால் செப்டம்பர் 8 திருநாள். அதை மாற்ற எந்தச் சிறப்பு விருந்தினரின் டைரியையும் யாரும் கேட்பதில்லை. உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்திலும் அப்படித்தான். இறைச்சிக் கடைப் பக்கம் போகாமல், வெள்ளி தவறாமல் சிலுவைப்பாதை செய்து, காவி உடுத்திப் பூண்டி மாதாவிடம் நடந்தே போகிறவர்கள் நாம். தவக்காலத்தில் பாடக் கூடாத அல்லேலூயாவைப் பாடகர் குழு தவறிப் பாடிவிட்டால் முதலில் எழுந்து நிற்பவர் பேரவையில்தான் இருக்கிறார். அந்தக் கண்டிப்பில் கொஞ்சம் திருவருகைக் காலத்துக்கும் கிடைக்கக் கூடாதா?

பேச்சு இங்கே வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது நாள் நோன்பு நமக்கு நினைவிருக்கிறது; அதற்குப் பின் வரும் ஐம்பது நாள் மகிழ்ச்சி நினைவில்லை. உயிர்ப்பு ஞாயிறு மதியம் பிரியாணியோடு பாஸ்காவை முடித்துவிடுகிறோம். பாஸ்கா திரி, தூய ஆவியார் இறங்கிவந்த பெந்தகோஸ்து பெருவிழா வரை யாருக்காகவோ எரிகிறது. பெந்தகோஸ்து என்றதும் எதிர்த்தெருச் சபையைக் கைகாட்டும் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். இதற்கும் பேரவையைக் குறைசொல்வது நியாயமாகாது என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

திருவழிபாட்டு ஆண்டைப் பின்பற்றுவதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் எளிது. என் மனம் எப்படி இருக்கிறது என்று அது என்னைக் கேட்பதில்லை. வீட்டில் துக்கம் இருந்தாலும் உயிர்ப்பு வருகிறது. கையில் காசு புரண்டாலும் தவக்காலத்தைத் தொடங்கும் சாம்பல் புதன் வருகிறது. எனக்குப் பிடித்த நாளை மட்டும் பொறுக்கியெடுக்க அது இடம் தருவதில்லை. கிறிஸ்மஸ் மட்டும் போதும், காத்திருப்பு வேண்டாம் என்றால் அந்தப் பயிற்சியே போய்விடுகிறது.

1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த முதல் குடிலில் குழந்தைச் சுரூபமே இல்லை. வைக்கோல், மாடு, கழுதை, அந்தத் தொட்டிக்கு மேலே திருப்பலி, அவ்வளவுதான். குழந்தை இல்லாத குடில் வெறிச்சென்று இருக்கும் என்று பேரவையில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வெறிச்சென்றுதான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வைக்கோல் கொண்டுவந்தார்கள்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்னவோ. உங்களில் பலர் கைக்காசு போட்டு இரவெல்லாம் கண்விழித்துக் குடில் கட்டியவர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த உழைப்பு சரியான நாளில் சேரவேண்டும் என்றுதான் மீண்டும் தாழ்மையுடன் கேட்கிறேன்: 24 இரவு வரை தொட்டி காலியாக இருக்கட்டும், குடில் திருமுழுக்கு விழா வரை நிற்கட்டும், விழா பிறப்புக்குப் பின் நடக்கட்டும். அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. தேர்வுக்கு நடுவே பிள்ளைகளை நடனப் பயிற்சிக்கு இழுக்கவும் வேண்டாம்.

அடுத்த திருவருகைக் காலம் 2026 நவம்பர் 29 அன்று தொடங்குகிறது. வரும் பேரவைக் கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் வந்து பேசுகிறேன். டிசம்பர் 27 ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. சிறப்பு விருந்தினரிடம் அந்தத் தேதியை இப்போதே கேட்டு வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
நம் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை ஒருத்தி