எடைச் சீட்டில் இல்லாத பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில், இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராக இருக்கிறேன். என் அம்மா எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தவர். கார்த்திகை பிறந்தால் சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் சிவக்கும், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு காலியாகும். இரண்டும் ஒன்றாக நடப்பது இங்கே ஊரறிந்த விஷயம்.

போன வருஷம் ஓர் எஸ்டேட்டில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். இடுப்பில் சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு பழம் உருவிக்கொண்டிருந்தாள். மேல் கிளை அம்மாவுக்கு, எட்டுகிற கிளை இவளுக்கு. சாயங்காலம் எடை போட்டபோது இரண்டு பேர் பறித்ததும் ஒரே மூட்டையாக அம்மா பெயரில் ஏறியது. கேட்டால், “அம்மாகூட ஒத்தாசைக்குத்தானே வந்திருக்கு” என்றார் மேஸ்திரி. அதிகாரிகள் சோதனைக்கு வந்தாலும் பதிவேட்டில் அந்தப் பெண் இருக்க மாட்டாள்.

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். மகள் பறிக்கும் அந்த நாலு கிலோ வீட்டுச் செலவுக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தத்தின்படி 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு உண்டு. எஸ்டேட் நம் குடும்பத் தொழிலா? கூலிக்குப் போகும் இடம். பெற்றோருக்கு முதல் தடவை தண்டனை கிடையாது, வேலை வாங்கியவருக்கு உண்டு. இதைச் சொன்னபோது அந்த அம்மாவின் முகத்தில் பயம் கொஞ்சம் குறைந்தது. இவ்வளவு நாளும் போலீஸ் தன்னைத்தான் பிடிக்கும் என்று நினைத்து, யார் கேட்டாலும் மகளை மறைத்து வந்திருக்கிறார்.

சரி, சாட்சிக்கு எங்கே போவது? பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. நவம்பர் தொடங்கி அறுவடை முடியும்வரை எந்தப் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்பது அதில் தேதி வாரியாக இருக்கும். அதை எஸ்டேட் எடைக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், பள்ளிக்கு வராத நாட்களில் அம்மாவின் எடை கூடியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். உட்கார்ந்து எழுதி எடுக்கத்தான் ஆள் இல்லை. ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை, என்னைப் போன்ற ஒருத்தியால் ஒரு கிராமத்தைக்கூட முடிக்க முடியாது.

சேலத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, தனியார் சட்டக் கல்லூரியும் இருக்கிறது. குழந்தைகள் தினத்தன்று முகாம் போட்டுத் துண்டுப்பிரசுரம் கொடுப்பதோடு நிற்காமல், அறுவடை நடக்கும் மாதங்களில் மாணவர்கள் இங்கே வந்து தங்க வேண்டும். பிள்ளைகளின் பெயர் வெளியே போகாதபடி, பள்ளியின் அனுமதியோடு அந்தக் கணக்கை எடுக்க வேண்டும். அப்புறம் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். புறக்கணிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி வரும் கடிதத்தையே உச்ச நீதிமன்றம் பொதுநல மனுவாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்பைப் பாருங்கள். ஆபத்தான வேலையில் வைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் தன் பங்குக்கு 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது. பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்தினால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் நீதிபதிகள் யோசித்தார்கள். நம் மலைக்கும் அப்படி யோசித்து வரும் ஓர் உத்தரவு வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100-க்கு அழைத்தால் போதும். குழந்தைக்கு உடனே உதவி வேண்டுமென்றால் 1098.

கல்லூரி முதல்வர்கள் மனம் வைத்தால், மாணவர்கள் தங்குவதற்கு எங்கள் ஊரில் வீடு பார்த்துத் தருகிறேன். எந்த ஊருக்கு எந்த நேரத்தில் பேருந்து, எந்தத் தாய் வாய் திறந்து பேசுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கூடவே வருகிறேன். இந்த அறுவடைக்கே தொடங்கலாம்.

இப்படிக்கு,
சட்டப் பணிகள் தன்னார்வலர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.